மின்கிட்டாரின் பிக்கப்: தேர்வும் மாற்றமும்

மின்கிட்டாரின் ஒலி மனத்துக்கு நிறைவு தராதபோது பலருக்கும் முதலில் தோன்றுவது பிக்கப்பை மாற்றிவிடலாம் என்பதே. அந்த எண்ணத்தில் தவறில்லை. தந்தியின் அதிர்வு மின்சாரமாக மாறும் இடம் அதுதான்; அங்கே செய்யும் மாற்றம் அதற்குப் பின்னால் வரும் பெடல், ஆம்ப், ஸ்பீக்கர் ஆகிய எல்லாவற்றிலும் தெரியவரும். ஆனால் எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக மாற்றுகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத நிலையில் வாங்கப்படும் பிக்கப், எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பழைய அதிருப்தியை வேறொரு வடிவில் திருப்பித் தருவதற்கே வாய்ப்பு மிகுதி. ‘ஒலி நன்றாக இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க இயலாது. ‘பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் உள்ளதில்) மெல்லிய தந்திகள் காதைக் குத்துகின்றன’, ‘டிஸ்டார்ஷனைக் கூட்டினால் கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன’, ‘வாசிக்காமல் நிறுத்தியிருக்கும்போது ஆம்பிலிருந்து உறுமல் கேட்கிறது’ என்று குறையைப் பெயரிட்டுச் சொல்ல முடிந்தால் தேர்வில் பாதி முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பிக்கப்பின் உள்ளே

பிக்கப்பின் அமைப்பு எளியது. ஒரு காந்தம், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மிக மெல்லிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். காந்தம் தன் மேலே செல்லும் எஃகுத் தந்தியையும் சற்றே காந்தமாக்குகிறது. அந்தத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்ற ரிக்கன்பேக்கர் கிட்டாரின் பிக்கப் முதல் இன்று விற்பனைக்கு வருவன வரை இந்த அடிப்படை மாறவில்லை. நைலான் தந்தி பூட்டிய கிட்டாரில் இவ்வகைப் பிக்கப் வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுருளுக்கு மின்தடை மட்டுமன்றி மின்தூண்டலும் சிறிதளவு மின்தேக்கமும் உண்டு. இவற்றோடு கிட்டாரிலிருந்து ஆம்புக்குச் செல்லும் கேபிளின் மின்தேக்கமும் சேரும்போது, ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் எங்கோ ஓரிடத்தில் ஒலி ஒரு மேடாக உயர்ந்து, அதற்கு மேலே வேகமாகச் சரிகிறது. அந்த மேடு எங்கே அமைகிறது, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதே ஒரு பிக்கப்பின் குணத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. மேடு உயரத்தில் இருந்தால் ஒலி கண்ணாடித்தன்மையோடு பளிச்சென்று இருக்கும். தாழ்ந்தால் தடித்து, முரட்டுத்தன்மை பெறும். நீளமான கேபிளைச் செருகினால் ஒலி சற்று மங்குவதையும் இதைக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

தந்திகள் பழையனவாக இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். துருவேறிய தந்தியில் எந்தப் பிக்கப்பும் மந்தமாகவே ஒலிக்கும். கேபிளையும் ஜாக்கையும் அசைத்துப் பார்த்து, கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, உறுமல் கேட்கும்போது தந்திகளின் மேல் கை வையுங்கள். கை பட்டதும் உறுமல் குறைந்தால் கிரவுண்டு இணைப்பு சரியாக இருக்கிறது. கை பட்டதும் கூடினால் வயரிங்கில் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, அதைப் பிக்கப் மாற்றம் தீர்க்காது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பிக்கப்பின் உயரம். ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத இந்தத் திருத்தம், சில சமயம் புதிய பிக்கப் வாங்கியதற்கு இணையான மாற்றத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. அளக்கும் முறை இது: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் உலோக முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் அளவுகோலால் பார்க்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் தன் வழக்கமான சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளுக்குத் தொடக்க அளவாகத் தருவது தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் வகைக்கு) இரு பக்கமும் 1.6 மி.மீ. இவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே. அங்கிருந்து கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிக் கேட்டுப் பார்க்கலாம்.

பிக்கப் தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஒலி உரக்கக் கேட்கும், ஆனால் காந்தத்தின் இழுப்பு தந்தியின் இயல்பான அதிர்வைக் கெடுக்கும். இதைக் கண்டறிய, மிகத் தடித்த இ தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே அழுத்தி வாசித்து, சுரம் அடங்கும்வரை கேளுங்கள். ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதிகள் சண்டையிடுவதுபோல ஒரு நடுக்கம் கேட்டால், அல்லது டியூனரின் முள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், நெக் பிக்கப்பின் (கிட்டாரின் கழுத்துக்கு அருகில் உள்ளதன்) அந்தப் பக்கத்தைத் தாழ்த்துங்கள். காந்தமே தண்டுகளாக நிற்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்புகளில் இந்தத் தொல்லை அதிகம். தாழ்த்தும்போது ஒலியளவு குறையும். அதை ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம். சுரங்கள் தெளிவடைவதையும் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதையும் கேட்டபின் பலர் வாங்கும் எண்ணத்தையே கைவிடுகிறார்கள்.

வகைகள்

சிங்கிள் காயில் என்பது ஒற்றைச் சுருள். 1950-களில் வந்த டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றின் ஒலி இதுதான்: வெட்டினாற்போன்ற தொடக்கம், உயர்ந்த அதிர்வெண்களில் பளபளப்பு, ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும் தெளிவு. இதன் பலவீனம், சுற்றியுள்ள மின்கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் வெளியிடும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலையும் அது தந்தியின் அதிர்வோடு சேர்த்தே பிடித்துவிடுவது. 1946-இல் கிப்சன் அறிமுகப்படுத்திய பி-90 பிக்கப்பும் ஒற்றைச் சுருள்தான். ஆனால் அகன்ற சுருளும் அடியில் கிடக்கும் இரு காந்தங்களும் அதற்குத் தடித்த, சற்றே கரகரப்பான குரலைத் தருகின்றன. ஹம்பக்கர் மந்தமாகவும் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மெலிந்தும் தோன்றுகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஹம்பக்கர் அளவிலேயே செய்யப்பட்ட பி-90 கிடைப்பதால், மரத்தில் கை வைக்காமலே பொருத்திவிடவும் முடியும்.

உறுமலுக்குத் தீர்வாக வந்தது ஹம்பக்கர். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கோரினார்; 1957-இல் இது கிட்டார்களில் வந்தது; காப்புரிமை 1959-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்டவற்றின் அடியில் ‘காப்புரிமை கோரப்பட்டுள்ளது’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் ஒட்டப்பட்டிருந்தன. அதன் முதலெழுத்துகளான ‘பிஏஎஃப்’ என்பதே இன்றுவரை அந்த மரபைச் சேர்ந்த பிக்கப்புகளைக் குறிக்கிறது. இதில் இரண்டு சுருள்கள் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைகளோடு நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் அதிர்வோ, காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால், ஒன்றோடொன்று கூடுகிறது. தந்தியின் இரண்டு புள்ளிகளிலிருந்து ஒலி எடுக்கப்படுவதாலும் மின்தூண்டல் கூடுவதாலும் உயர்ந்த அதிர்வெண்களில் சில தேய்ந்துபோகின்றன. ஹம்பக்கரின் வெதுவெதுப்புக்கும், சிலர் அதில் காணும் மந்தத்துக்கும் காரணம் ஒன்றே.

ஸ்ட்ராட்டின் தோற்றத்தையும் குரலையும் விடாமல் உறுமலை மட்டும் ஒழிக்க விரும்புவோருக்காக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்களை அடுக்கிய பிக்கப்புகளும், ஒற்றைச் சுருள் அளவுக்குள் இரண்டு குறுகிய சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவையும் உள்ளன. முதல் வகை ஒற்றைச் சுருளின் ஒலிக்கு நெருங்கி வரும். இரண்டாவது, பெரும்பாலும் ஹம்பக்கராகவே ஒலிக்கும். இவற்றை வாங்குவதற்கு முன், கிட்டாரின் உட்குழியைச் செப்புத் தகட்டு நாடாவால் மூடி அதைக் கிரவுண்டோடு இணைத்துப் பார்ப்பது நல்லது. இரைச்சலில் ஒரு பகுதி அதிலேயே அடங்கிவிடும். இருந்தாலும், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புல உறுமலை அந்தத் தகடு தடுக்காது.

ஆக்டிவ் பிக்கப்புகள் தனி வகை. இவற்றில் சுருளின் சுற்றுகள் குறைவு. உள்ளேயே ஒரு சிறு முன்பெருக்கி, 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது. இஎம்ஜி நிறுவனத்தின் 81, 85 ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இரைச்சல் மிகக் குறைவு, நீண்ட கேபிளிலும் ஒலி மங்காது, கடும் டிஸ்டார்ஷனிலும் சுரங்கள் இறுக்கமாக நிற்கும். ஆனால் வால்யூமைக் குறைத்து மென்மையாக வாசிக்கும்போது பேட்டரி இல்லாத நல்ல பாசிவ் பிக்கப்பில் கிடைக்கும் உயிர்ப்பு இவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை. உலோக இசைக்கு இவற்றைப் பரிந்துரைப்பேன், மற்றவற்றுக்குத் தயங்குவேன்.

எண்களை எப்படிப் படிப்பது

விற்பனைப் பக்கங்களில் முன்னால் நிற்கும் எண் நேர்மின்தடை. ஸ்ட்ராட் வகை ஒற்றைச் சுருளில் 5.5 முதல் 7 கிலோஓம், பிஏஎஃப் மரபு ஹம்பக்கரில் 7 முதல் 9 கிலோஓம், உரத்த ஹம்பக்கர்களில் 13 முதல் 17 கிலோஓம் வரை என்று பொதுவாகக் காணலாம். இந்த எண் உயர்ந்தால் ஒலி உரக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் மிகப் பலர். ஒரே காந்தம், ஒரே கம்பி, ஒரே சட்டகம் என்றிருக்கும் இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். கம்பியின் பருமனை மாற்றிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. கம்பிப் பருமனின் அளவீடான ஏடபிள்யூஜி-யில் 42 என்னும் கம்பிக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 43-ஐ அதே எண்ணிக்கையில் சுற்றினால் மின்தடை கூடும். தந்தியிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆக, வெவ்வேறு வகைப் பிக்கப்புகளை இந்த எண்ணால் ஒப்பிடுவதில் பயனில்லை.

தயாரிப்பாளர் மின்தூண்டல் அளவைத் தந்திருந்தால் அதைப் பாருங்கள். ஸ்ட்ராட் வகையில் 2 முதல் 3 ஹென்றி, பிஏஎஃப் மரபில் 4 முதல் 5 ஹென்றி, உரத்த ஹம்பக்கர்களில் 7, 8 ஹென்றி என்று செல்லும் இந்த எண், முன்னர் சொன்ன மேடு எங்கே நிற்கும் என்பதை நேரடியாகக் காட்டுகிறது. எண் கூடக்கூட மேடு கீழே இறங்கும், ஒலி தடிக்கும், பளபளப்பு குறையும். காதைக் குத்தும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றுத் தேடுகிறவர் இப்போதுள்ளதைவிடச் சற்று உயர்ந்த மின்தூண்டலை நாட வேண்டும். கலங்கலான நெக் பிக்கப்பைத் தெளிவாக்க விரும்புகிறவர் குறைந்ததை நாட வேண்டும். பலர் இரண்டாவதைச் செய்யத் துணிவதில்லை. உரத்த பிக்கப் என்பது முன்னேற்றம் என்றும், மென்மையான பிக்கப் என்பது பின்னடைவு என்றும் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. 1972-இல் டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன், ஆம்பை எளிதாகத் திணறவைக்கும் நோக்கோடு வந்தபோது அதற்கு ஒரு தேவை இருந்தது. வேண்டிய அளவு டிஸ்டார்ஷனை ஆம்போ பெடலோ தந்துவிடும் இக்காலத்தில் அந்தத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

காந்தத்தைப் பொறுத்தவரை, அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்யப்படும் அல்னிகோவும், செராமிக்கும் பெருவழக்கு. அல்னிகோ 2 வலிமை குறைந்தது. தொடக்கம் மென்மையாகவும் உயர்ந்த சுரங்கள் வழவழப்பாகவும் கேட்கும். அல்னிகோ 5 வலிமை மிகுந்தது. பேஸ் இறுக்கமாகவும் ட்ரெபிள் துலக்கமாகவும் இருக்கும். செராமிக் இன்னும் கூர்மை. இந்த வேறுபாடுகள் உண்மையே என்றாலும் சுருளின் வேறுபாட்டுக்கு அடுத்த நிலையில்தான் நிற்கின்றன; செராமிக் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

நெக் பக்கத்தில் தந்தி அகலமாக அதிர்கிறது, பிரிட்ஜ் பக்கத்தில் குறுகலாக. ஆகவே பிரிட்ஜ் பிக்கப்பைச் சற்று அதிகச் சுற்றோடு செய்வது வழக்கம். ஒன்றை மட்டும் மாற்றும்போது, கிட்டாரில் எஞ்சியிருக்கும் மற்றதோடு ஒலியளவு ஒத்துப்போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; மிக உரத்த பிரிட்ஜ் பிக்கப்புக்குப் பக்கத்தில் பழைய நெக் பிக்கப் ஊமையாகத் தோன்றும்.

கிட்டாருக்குள் அடங்குமா

உங்கள் கிட்டாரில் எது நுழையும் என்பதை அளந்து பார்த்துவிட்டே வாங்குங்கள். டெலிகாஸ்டரின் நெக் பிக்கப் ஸ்ட்ராட்டுடையதைவிடச் சிறியது. பி-90 ஹம்பக்கரின் குழியில் நேரடியாக நுழையாது. ஒற்றைச் சுருளுக்காகக் குடையப்பட்ட மரத்தில் ஹம்பக்கரை வைக்க மரத்தையும் பிக்கார்டையும் (முகப்பில் உள்ள காப்புத் தகட்டையும்) வெட்ட வேண்டியிருக்கும். பல கிட்டார்களில் பிக்கார்டுக்கு அடியில் மரம் முன்பே அகலமாகக் குடையப்பட்டிருக்கும் என்பதால் பிக்கார்டைக் கழற்றிப் பார்க்காமல் கவலைப்பட வேண்டாம்.

ஹம்பக்கர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது தந்தி இடைவெளி. கிப்சன் வகைப் பிரிட்ஜில் முதல் தந்தியிலிருந்து ஆறாம் தந்திவரை ஏறத்தாழ 50 மி.மீ.; ஃபெண்டர் வகையில் 52, 53 மி.மீ. வரை இருக்கும். இதற்காகவே பல நிறுவனங்கள் ஒரே பிக்கப்பை இரண்டு அகலங்களில் விற்கின்றன. சற்றுப் பொருந்தாவிட்டால் ஒலி கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓரத் தந்திகள் உலோக முனைக்கு வெளியே நிற்பது கண்ணை உறுத்தும்.

கூடவே வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் மதிப்பையும் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோஓம், இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோஓம் என்பது மரபு. மதிப்பு குறையக்குறைய மேட்டின் கூர்மை தேயும், ட்ரெபிள் அடங்கும். 250 கிலோஓம் கன்ட்ரோல் உள்ள கிட்டாரில் ஹம்பக்கரைப் பூட்டிவிட்டு மந்தம் என்று குறை சொல்பவர், பிக்கப்பைக் குற்றம் சாட்டுவதற்கு முன் கன்ட்ரோலை மாற்றிப் பார்க்க வேண்டும். டோன் கன்ட்ரோலில் உள்ள கெபாசிட்டரின் மதிப்பு, 0.022 ஆக இருந்தாலும் 0.047 மைக்ரோஃபாரடாக இருந்தாலும், கன்ட்ரோலை முழுதாகத் திறந்திருக்கும்போது ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் காட்டாது; குறைக்கும்போதுதான் தெரியும். அரிய, விலையுயர்ந்த கெபாசிட்டர்களைப் பற்றிய புகழுரைகளை இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொருத்துதல்

தேவையானவை: 40 வாட் அளவிலான சால்டரிங் அயர்ன், மின்னணு வேலைக்கான ரோசின் உள்ள சால்டர் கம்பி, மல்டிமீட்டர், வயர் உரிக்கும் கருவி, வெப்பத்தில் சுருங்கும் குழாய். குழாய்ப் பணிக்கான அமிலம் கலந்த சால்டரைத் தொடவே கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, ஈயம் கலந்த சால்டராக இருந்தால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் வயரிங்கைப் பல கோணங்களில் படம் எடுத்து, எந்த நிறக் கம்பி எங்கே செல்கிறது என்று ஒரு தாளிலும் வரைந்துகொள்ளுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் தந்திகளைத் தளர்த்தும் முன் பிரிட்ஜின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் பின்னர் அதைச் சமன்செய்யும் பாடு மிச்சமாகும். கிட்டாரின் முகப்பைத் துணியால் மூடுங்கள். ஒரு சொட்டுச் சால்டர் வார்னிஷில் விழுந்தால் தழும்பு போகாது. லெஸ் பால் போல மரத்துக்குள் துளை வழியாகக் கம்பி செல்லும் கிட்டாரில், பழைய பிக்கப்பை இழுத்து எடுக்கும்போது அதன் கம்பி நுனியில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். பழையது வெளியே வரும்போது நூல் துளைக்குள் நிற்கும், அதன் முனையில் புதிய கம்பியைக் கட்டி இழுத்துவிடலாம்.

நான்கு கம்பிகள் உள்ள ஹம்பக்கரில் நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். சீமோர் டங்கனில் கறுப்பு ஒலிக்கம்பி, பச்சையும் உறையற்ற கம்பியும் கிரவுண்டு, சிவப்பும் வெள்ளையும் தமக்குள் சேர்த்து மூடப்பட வேண்டியவை. டிமார்சியோவில் சிவப்பு ஒலிக்கம்பி, பச்சையும் உறையற்றதும் கிரவுண்டு, கறுப்பும் வெள்ளையும் சேர்பவை. ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றொன்றை இணைத்தால் ஒலி மெலியும், அல்லது எழவே எழாது. சேர்க்கப்படும் அந்த இரண்டு கம்பிகளை, இழுத்தும் அழுத்தியும் ஸ்விட்சாக இயக்கக்கூடிய புஷ்-புல் கன்ட்ரோலுக்குக் கொண்டுசென்று, வேண்டும்போது கிரவுண்டோடு இணையும்படி செய்தால் ஒரு சுருள் மட்டும் இயங்கும். அது ஸ்ட்ராட்டின் ஒலியாகிவிடாது, உறுமலும் திரும்பிவரும். ஆனாலும் ஒலியில் ஒரு மாற்று கிடைக்கிறது. இரண்டு சுருளையும் இணையாகப் பூட்டும் முறை உறுமல் இல்லாமலே மெல்லிய ஒலியைத் தருவதால் நான் அதையே விரும்புகிறேன்.

சால்டரிங்கில் சிரமமானது கன்ட்ரோலின் முதுகில் கிரவுண்டுக் கம்பியைப் பற்றவைப்பது. அந்த உலோகக் கூடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை மணல்தாளால் சற்றுத் தேய்த்து, அயர்னின் அகன்ற முனையைச் சாய்த்து வைத்து, சால்டரை அயர்னில் உருக்காமல் கூட்டின் மேற்பரப்பில் தொட்டுப் பாருங்கள். சூடு போதுமானால் சால்டர் பரவி மேற்பரப்போடு ஒட்டிப் படரும். போதாவிட்டால் உருண்டையாகத் திரண்டு நிற்கும். உருண்டையாக நிற்கும் இணைப்பு இன்று வேலை செய்தாலும் நாளை விட்டுப்போகும். அதே வேளையில் சில வினாடிகளுக்கு மேல் அயர்னை வைத்திருந்தால் கன்ட்ரோலின் உட்பாகம் கெடும். முதல் முயற்சி பலிக்காவிட்டால் ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள். கம்பியின் நுனிக்கும் முன்பே சால்டர் பூசிவைத்திருந்தால் நொடியில் பிடித்துக்கொள்ளும்.

இஎம்ஜி வகை ஆக்டிவ் பிக்கப்பாக இருந்தால், பேட்டரிக்கு இடம், பிளக்கைச் செருகும்போது மட்டும் மின்சாரம் செல்லவிடும் ஸ்டீரியோ ஜாக் ஆகியவை தேவை. பிரிட்ஜுக்குச் செல்லும் கிரவுண்டுக் கம்பியை நீக்கிவிடும்படி அந்நிறுவனம் சொல்கிறது. வாசிக்காதபோது பிளக்கைக் கழற்றிவைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும்.

திசைப் பொருத்தம்

இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கும்போது ஒலி கூடுவதற்குப் பதிலாக மூக்கடைத்தாற்போல் மெலிந்து, பேஸ் காணாமற்போனால், இரண்டும் எதிர்த்திசையில் இயங்குகின்றன என்று பொருள். வெவ்வேறு நிறுவனங்களின் பிக்கப்புகளைக் கலக்கும்போது இது அடிக்கடி நேரும். பூட்டுவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். மல்டிமீட்டரைப் பிக்கப்பின் இரு முனைகளோடு இணைத்து, மிகக் குறைந்த நேர்மின்னழுத்த அளவில் வைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரின் முனையை உலோக முனைமேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். எடுக்கும் கணத்தில் மதிப்பு மேலே துள்ளுகிறதா கீழே துள்ளுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முள் உள்ள பழைய மீட்டரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மாறித் துள்ளும் பிக்கப்பில் ஒலிக்கம்பியையும் கிரவுண்டுக் கம்பியையும் இடம் மாற்றினால் போதும். டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்பில் மட்டும் உலோக மூடி கிரவுண்டுக் கம்பியோடு இணைந்திருப்பதால், முதலில் அந்த இணைப்பைப் பிரித்து மூடிக்குத் தனிக் கம்பி போட வேண்டும். இல்லையெனில் மூடியைத் தொடும்போதெல்லாம் உறுமும். பின்னிய உலோக உறையுள்ள ஒற்றைக் கம்பி ஹம்பக்கரில் கம்பிகளை மாற்றவே இயலாது. காந்தத்தைத் திருப்பி வைப்பதுதான் வழி.

ஸ்ட்ராட்டின் நடுப் பிக்கப்பை வாங்கும்போது சுற்றும் காந்தமுனையும் எதிர்த்திசையில் அமைந்ததைக் கேட்டு வாங்கினால், ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் உறுமல் அழிந்துவிடும்.

தந்தி பூட்டும் முன்

எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் கிட்டாரை ஆம்பில் செருகி, ஒலியளவைக் குறைத்து வைத்து, ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் உரிய பிக்கப்பின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டுங்கள். தட்டும் ஒலி உரத்துக் கேட்டால் அந்தப் பிக்கப் இயங்குகிறது. ஹம்பக்கரின் இரண்டு சுருள்களையும் தனித்தனியே தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஒலித்தால் சேர்க்க வேண்டிய கம்பிகள் சேரவில்லை அல்லது கிரவுண்டில் படுகின்றன.

உயரம் திருத்தும் திருகாணிகளின் புரி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நுழையாத திருகாணியை வற்புறுத்தித் திருகினால் ஹம்பக்கரின் காலில் உள்ள புரி அழியும். புதிய பிக்கப்போடு வந்தவற்றையே பயன்படுத்துங்கள். புதிய தந்திகளைப் பூட்டி, முன்னர் சொன்ன அளவுகளில் தொடங்கி, டிஸ்டார்ஷன் இல்லாத ஒலியில் முதலில் நெக் பிக்கப்பைச் சுருதி நடுங்காத உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் ஒலியளவுக்கு ஈடாகப் பிரிட்ஜ் பிக்கப்பை உயர்த்துங்கள். பிறகு தந்திக்குத் தந்தி சமன் பாருங்கள். திருகக்கூடிய முனைகள் இருந்தால், பின்தங்கும் தந்தியின் முனையை அரைச் சுற்று உயர்த்தலாம். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புகளில் முனைகளின் உயரம் நிலையானது. சுற்றுத் தந்தியாக இருந்த மூன்றாம் தந்திக்காக அந்த ஏற்ற இறக்கம் வகுக்கப்பட்டது என்பதால், இன்றைய சுற்றில்லாத மூன்றாம் தந்தி மற்றவற்றைவிட உரக்கக் கேட்கும். அதைத் தணிக்க முனையைச் சுத்தியலால் தட்டி இறக்க முயலாதீர்கள். சில பிக்கப்புகளில் சுருள் அந்தக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், கம்பி அறுந்துவிடும்.

கழற்றிய பிக்கப்பை அதன் திருகாணி, ஸ்பிரிங் ஆகியவற்றோடும் நீங்கள் வரைந்த வயரிங் தாளோடும் ஒரே உறையில் போட்டு, எந்த இடத்துப் பிக்கப், எத்தனை கிலோஓம் என்று மேலே எழுதி வையுங்கள். கிட்டாரை விற்கும்போது பழைய பாகங்களைக் கேட்பவர்கள் உண்டு. வேறொரு கிட்டாரில் அதே பிக்கப் மிகப் பொருத்தமாக அமைந்துவிடுவதும் உண்டு.